காம்போவுக்கு வந்த தண்ணீர்

இத்தாலியின் சியெனா நகரம் மலை முகட்டில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரம். கீழே பள்ளத்தாக்குகளில் சிற்றோடைகள் உண்டு. நகரத்துக்கென்று ஓர் ஆறு கிடையாது. ஃபிளாரன்ஸுக்கும் பீசாவுக்கும் ஆர்னோ இருக்கிறது. ரோமுக்கு டைபர் இருக்கிறது. சியெனாவுக்கு வானத்தை விட்டால் வேறு கதியில்லை. ஆனாலும் 13-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய வங்கியாளர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். போப்பாண்டவரின் வரவு செலவே இவர்கள் கை வழியாகப் போனது. பிரான்சிலிருந்து ரோமுக்குப் போகும் யாத்திரைப் பாதையான வியா ஃபிரான்சிஜேனா ஊரின் நடுவே ஓடியது. யாத்திரிகர், வணிகர், அவர்கள் ஏறி வந்த குதிரைகள், சுமை தூக்கிய கழுதைகள், உள்ளூரில் கம்பளிக்குச் சாயம் தோய்ப்பவர், தோல் பதனிடுபவர் என்று அத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது.

இந்த நகரத்தின் நடு முற்றம் பியாத்சா டெல் காம்போ. உள்ளூர்க்காரர்களுக்கு வெறும் காம்போ. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்தில் தொடங்குவார்கள், இல்லையென்றால் குதிரைப் பந்தயத்தில். நான் தண்ணீரில் தொடங்குகிறேன். கோபுரமும் மாளிகையும் காசிருந்தால் எழுந்துவிடும். ஆறில்லாத மலையின் உச்சியில், திறந்த வெளியில், இரவும் பகலும் நீர் கொட்டும் ஒரு தொட்டியை வைக்கக் காசு மட்டும் போதாது. காம்போவில் இருக்கும் எல்லாவற்றிலும் கடினமாகக் கிடைத்தது அந்தத் தண்ணீர்தான்.

அது வரும் வழியைப் புரிந்துகொள்ள மலையின் உள்ளமைப்பு தெரிய வேண்டும். மேலே மணலும் மணற்பாறையும். அடியில் களிமண். பெய்த மழை மணல் வழியாக மெல்ல இறங்கி, களிமண் வந்ததும் அதற்கு மேல் போக முடியாமல் தேங்கி, பக்கவாட்டில் கசியத் தொடங்கும். வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் ஓரங்களிலிருந்து நீர் கசிந்து சேருவது போலத்தான். சியெனாக்காரர்கள் இந்தக் கசிவைத் தேடிக் கிணறு வெட்டியதோடு நிற்கவில்லை. மலையின் வயிற்றுக்குள்ளேயே கிடைமட்டமாகச் சுரங்கம் வெட்டிக்கொண்டு போனார்கள். இந்தச் சுரங்கங்களுக்குப் போத்தீனி என்று பெயர். அந்தச் சொல் 1226-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே இருக்கிறது. கிளைகளையும் சேர்த்தால் மொத்த நீளம் சுமார் 25 கிலோமீட்டர்.

ஒரு சுரங்கத்தின் உயரம் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம், அதாவது 1.75 மீட்டர் அளவு. அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு. எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்க இடமில்லை. பாறை உறுதியாக இருக்கும் இடங்களில் வெட்டியது வெட்டியபடியே விட்டிருக்கிறார்கள். குந்தாலியின் கொத்துத் தடங்கள் இன்றும் சுவரில் தெரிகின்றன. மண் உதிரும் இடங்களில் செங்கல்லால் வளைவு கட்டித் தாங்கியிருக்கிறார்கள். தரையின் நடுவே ஒரு சிறு வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கொரெல்லோ என்று பெயர். சுவரிலும் கூரையிலும் வியர்க்கும் நீர் சொட்டுச் சொட்டாக இந்த வாய்க்காலில் விழுகிறது. தூரத்தில் ஏதோ ஒரு பெரிய ஊற்றைக் கண்டுபிடித்து அதை ஊருக்குள் இழுத்து வந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சுரங்கத்தின் முழு நீளமும்தான் ஊற்று. எவ்வளவு தூரம் வெட்டுகிறார்களோ அவ்வளவு நீர்.

சரிவுதான் இதில் உயிர்நிலை. ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் தரை இறங்க வேண்டும். கூடினால் நீர் வேகம் பிடித்து மண்ணை அரிக்கும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். வண்டல் தங்குவதற்காகவே ஆங்காங்கே தரையில் குழிவான தொட்டிகள் அமைத்தார்கள். நீர் அதில் நின்று, மண்ணைக் கீழே விட்டுவிட்டு, மேல்மட்டத்தில் தெளிந்து போகும். இருட்டில், எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், காற்றோட்டமில்லாத பொந்துக்குள் இத்தனை துல்லியமாகச் சரிவு பிடித்திருக்கிறார்கள். வெட்டியவர்களுக்குக் குவெர்க்கி என்று பெயர். அவர்களில் ஒருவரின் தனிப் பெயரைக்கூட ஊர் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. சியெனாவின் ஓவியர்களையும் சிற்பிகளையும் உலகம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. குவெர்க்கிகளுக்கும் அந்த மரியாதையில் பாதியாவது சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் வந்தது காம்போவின் தண்ணீர் அல்ல. மலைச் சரிவில், வெகு கீழே, ஃபோன்தேபிராந்தா என்ற நீர்த்துறை இருக்கிறது. 1081-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அதன் பெயர் வருகிறது. இன்று நாம் பார்க்கும், கூர்வளைவுகளும் சிங்க முகங்களும் கொண்ட கட்டடம் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே மூன்று தொட்டிகளை வரிசையாக அமைத்தார்கள். முதல் தொட்டி மனிதர் குடிக்க. அது நிரம்பி வழிந்த நீர் இரண்டாவதற்குப் போகும். அது மாடு, குதிரைகளுக்கு. அதிலிருந்து வழிவது மூன்றாவதற்கு. அங்கே துணி துவைப்பார்கள். அதற்கும் கீழே போனால் தோல் பதனிடுபவரும் சாயக்காரரும் காத்திருப்பார்கள். ஒரே தண்ணீர் நான்கு கை மாறிய பிறகுதான் பள்ளத்தாக்குக்குப் போகும். சிக்கனம் என்றால் இதுதான்.

இத்தனை செய்தும் தாகம் தீரவில்லை. நகரத்தின் அடியில் தியானா என்ற ஓர் ஆறு மறைந்து ஓடுகிறது, தோண்டினால் கிடைத்துவிடும் என்று சியெனாக்காரர்கள் திடமாக நம்பினார்கள். பணத்தைக் கொட்டித் தேடினார்கள். ஃபிளாரன்ஸ்காரரான தாந்தே தம் காவியத்தில் இந்தத் தேடலைக் கேலி செய்து வைத்தார். ஆர்னோ நதிக்கரையில் பிறந்தவருக்கு அந்தக் கேலி எளிதாக வந்திருக்கும். ஆறு கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதைத் தேடிய பிடிவாதமும் சுரங்கங்களை வெட்டிய பிடிவாதமும் ஒன்றுதான்.

காம்போ இதற்குள் உருவாகிவிட்டது. மூன்று முகடுகள் சந்திக்கும் இடத்தில், சரிந்து குழிந்த ஒரு வெட்டவெளி அது. தொடக்கத்தில் சந்தை கூடிய நிலம். 1287 முதல் 1355 வரை நகரத்தை ஆண்டது ஒன்பதின்மர் அவை. வணிகக் குடும்பங்களிலிருந்து ஒன்பது பேர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறி மாறி, ஆட்சி செய்தார்கள். அவர்கள்தான் 1297-இல் சதுக்கத்தின் தாழ்ந்த பக்கத்தில் பலாத்சோ புப்ளிகோ என்ற அரசு மாளிகையைக் கட்டத் தொடங்கினார்கள். சதுக்கத்தைப் பார்த்து வீடு கட்டுகிறவர்கள் சன்னல்களை மாளிகையின் சன்னல்களைப் போலவே சிறு தூண் வைத்துக் கட்ட வேண்டும், வெளியே நீட்டி மாடம் வைக்கக் கூடாது என்று அதே ஆண்டில் விதி போட்டார்கள். காம்போவைச் சுற்றியுள்ள வீடுகளில் இன்றும் தெரியும் ஒற்றுமை அந்த விதியின் விளைவு.

1327-இல் தொடங்கி 1349-க்குள் தரை முழுவதும் செங்கல் பாவினார்கள். வெளிறிய கல்வரிகள் தரையை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, சிப்பியின் வரிகள்போல மாளிகையின் வாசலை நோக்கி இறங்கிச் சேர்கின்றன. ஒன்பதின்மர் ஆட்சிக்கு ஒன்பது பங்கு. வரிகள் சேரும் தாழ்ந்த புள்ளியில் ஒரு வடிகால் வாய் இருக்கிறது. காம்போவில் விழும் மழை முழுவதும் அங்கே வடிந்துவிடும். வெறும் அழகுக்காக அமைந்த சரிவு என்று பலர் நினைக்கிறார்கள். அடைமழைக்குப் பிறகு அந்தச் செங்கல் தரையைப் பார்த்தால், வரைந்தவர் ஓவியக் கண்ணோடு பொறியாளரின் கண்ணும் உள்ளவர் என்று தெரியும்.

வடிகால் கீழ் விளிம்பில். தண்ணீர் வர வேண்டியதோ மேல் விளிம்பில், மாளிகைக்கு நேர் எதிரே. அங்கேதான் சிக்கல். ஃபோன்தேபிராந்தா பள்ளத்தில் இருந்ததால் சுரங்கம் எவ்வளவு ஆழத்தில் வந்தாலும் நீர் வந்து சேர்ந்துவிடும். காம்போ உயரத்தில் இருக்கிறது. அதற்கான சுரங்கம் மேல்மட்டத்திலேயே ஓட வேண்டும். சரிவில் ஒரு பிழை வந்தாலும் நீர் சதுக்கத்தின் தரைக்குக் கீழே போய்விடும், மேலே வராது. 1334-இல் இந்த வேலையைக் கொடுத்தார்கள். பொறுப்பேற்ற வல்லுநர்களில் யாக்கோப்போ தி வான்னியின் பெயர் ஆவணங்களில் நிற்கிறது. நகரத்துக்கு வடக்கே ஃபோன்தேபெச்சிப் பக்கத்து மேடுகளிலிருந்து, காமொல்லியா வாயிலின் அடியில் நுழைந்து, முகட்டோடு முகட்டாக, வீதிகளுக்கும் வீடுகளுக்கும் கீழே சுரங்கம் வந்தது. எட்டு ஆண்டு வேலை.

1342-இல் காம்போவில் தண்ணீர் கொட்டியது. ஊரே திரண்டு பதினைந்து நாள் ஆடிப்பாடிக் கொண்டாடியதாகப் பழைய ஊர் வரலாறுகள் சொல்கின்றன. அந்த மகிழ்ச்சியில்தான் தொட்டிக்கு ஃபோன்தே காயா என்று பெயர் வந்ததாம். மகிழ்ச்சி ஊற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டுகளில் மாளிகைக்குள் அம்ப்ரோஜியோ லோரென்சேத்தி நல்லாட்சியின் விளைவுகளைச் சுவரோவியமாகத் தீட்டிக்கொண்டிருந்தார். 1338, 1339-ஆம் ஆண்டுகளில் வரைந்த ஓவியம். நகர வாயில், கடைவீதி, நடனமாடும் கூட்டம், பாடம் சொல்லும் ஆசிரியர், சாரத்தின் மேல் நின்று கட்டடம் கட்டும் கொத்தனார்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஓவியர் தூரிகை பிடித்திருந்த அந்த நேரத்தில், நகரத்தின் அடியில் குவெர்க்கிகள் பாறையைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரில் நான் தேடுவது அவர்களைத்தான். இல்லை.

மகிழ்ச்சி ஆறே ஆண்டு நீடித்தது. 1348-இல் கொள்ளைநோய் வந்தது. அதே ஆண்டில்தான் மாளிகையின் மாஞ்ஜா கோபுரம் சுமார் 87 மீட்டர் உயரத்துக்கு எழுந்து முடிந்தது. அக்னோலோ தி தூரா என்ற வரலாற்றாசிரியர் தன் ஐந்து பிள்ளைகளைத் தன் கையாலேயே புதைத்ததாக எழுதிவைத்திருக்கிறார். உலகிலேயே பெரிய தேவாலயமாக்கும் திட்டத்தோடு விரிவுபடுத்திக்கொண்டிருந்த பேராலயத்தின் வேலை நின்றது. பாதியில் நின்ற சுவர்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. கோபுரத்தின் காலடியில் உள்ள சலவைக்கல் மண்டபம் அந்த நோயிலிருந்து பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டு கட்டியது. ஓவியர் லோரென்சேத்தியும் அந்த ஆண்டோடு ஆவணங்களிலிருந்து மறைந்துபோகிறார். நோயில் இறந்தார் என்பதே பொதுவான கருத்து.

தொட்டியின் மேல் நின்ற சிலைக்கு நடந்ததுதான் இந்தத் தண்ணீரின் வரலாற்றில் என்னை அதிகம் வருத்தும் பகுதி. கொள்ளைநோய்க்கு முன்பே, நகரத்தில் அடித்தளம் தோண்டும்போது பழங்காலச் சிலை ஒன்று கிடைத்திருந்தது. வீனஸ் தேவியின் நிர்வாணச் சிலை. கிரேக்கச் சிற்பி லிசிப்பஸின் பெயர் அதில் பொறித்திருந்ததாக, பிற்காலத்தில் ஃபிளாரன்ஸ் சிற்பி கிபெர்த்தி எழுதியிருக்கிறார். கலைஞர்களும் ஊராரும் அதைக் கொண்டாடி, காம்போவின் நீர்த்தொட்டியின் மேல் நிறுத்தினார்கள். புதிதாக வந்த நீருக்கு மேலே, மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கிடந்து வெளிச்சத்துக்கு வந்த அழகு. அதற்கப்புறம் கொள்ளைநோய், பிறகு 1355-இல் ஒன்பதின்மர் ஆட்சியின் வீழ்ச்சி, ஃபிளாரன்ஸோடு பகை என்று கெட்டகாலம் தொடர்ந்தது. இந்த விக்கிரகத்தை வைத்துக் கும்பிட்டதால்தான் இத்தனை கேடும் என்று ஒருவர் அவையில் பேசினாராம். 1357 நவம்பர் 7 அன்று சிலையை இறக்க அவை முடிவெடுத்தது. கிபெர்த்தி சொல்வதன்படி, அதை உடைத்து, துண்டுகளை எதிரியின் மண்ணில், ஃபிளாரன்ஸ் எல்லைக்குள், புதைக்கச் சொன்னார்கள். கேடு அவர்களைப் பிடிக்கட்டும் என்ற எண்ணம். கிபெர்த்தி அந்தச் சிலையைப் பார்த்ததில்லை. அவர் பார்த்தது லோரென்சேத்தி தன் கைப்பட வரைந்த படத்தை. இப்போது அந்தப் படமும் இல்லை.

வெறும் தொட்டியாக ஐம்பது ஆண்டு கழிந்தது. 1408 டிசம்பரில் உள்ளூர்ச் சிற்பி யாக்கோப்போ தெல்லா குவெர்ச்சாவை நகரம் அமர்த்தியது. அவர் தோலில் மையால் வரைந்து கொடுத்த திட்டப்படம் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. காலப்போக்கில் அது இரண்டாகக் கிழிந்து, ஒரு பாதி லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும், மறு பாதி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வேலை இழுத்துக்கொண்டே போனது. யாக்கோப்போ லூக்கா நகரத்துக்கும் சியெனாவுக்கும் அலைந்துகொண்டிருந்தார். நகரம் பொறுமையிழந்து அவரை நெருக்கியது. ஒப்பந்தத் தொகை 2,000 ஃபுளோரின். 1419-இல் வேலை முடிந்தபோது கடைசிக் கணக்கு அதைத் தாண்டியிருந்தது. அதன்பின் ஊர் அவரை யாக்கோப்போ தெல்லா ஃபோன்தே, அதாவது நீரூற்று யாக்கோப்போ, என்றே அழைத்தது.

அவர் செய்தது மூன்று பக்கமும் சுவர் எழுப்பிய செவ்வகத் தொட்டி. நடுவில் குழந்தை ஏசுவோடு மரியன்னை. இருபுறமும் நீதி, ஈகை, மதிநுட்பம் போன்ற நற்பண்புகள் பெண் வடிவில் அமர்ந்திருக்கின்றன. ஒரு பக்கச் சுவரில் ஆதாமின் படைப்பு. மறு பக்கச் சுவரில் ஏதேனிலிருந்து ஆதாமும் ஏவாளும் விரட்டப்படும் காட்சி. தொட்டியின் முன்முனைகளில் கைக்குழந்தைகளோடு இரண்டு பெண்கள் நின்றார்கள்: ரோமைத் தோற்றுவித்த இரட்டையரைப் பெற்ற ரெயா சில்வியா, அவர்களை வளர்த்த அக்கா லாரென்சியா. சியெனாவை நிறுவியவர்கள் அந்த இரட்டையரில் ஒருவரான ரெமுஸின் பிள்ளைகள் என்பது ஊர்க் கதை. அதனால் நீர் கொட்டும் வாய்களாக இங்கே பெண் ஓநாய்கள். வீனஸை உடைத்த ஊர் அறுபது ஆண்டு கழித்து, சதைப்பற்றும் துணிமடிப்புமாக இரண்டு அன்னைகளைப் பொதுவெளியில் நிறுத்திக்கொண்டது. அவர்களைக் கிறிஸ்தவப் புனிதர்களாக்காமல் பழைய ரோமப் பெண்களாகவே விட்டது எனக்குப் பெரிய மனமாற்றமாகப் படுகிறது.

தண்ணீர் அங்கேயே நின்றுவிடவில்லை. ஃபோன்தே காயாவில் வழிந்ததைக் குழாய் வைத்துக் கீழேயுள்ள காசாத்தோ, பந்தானேத்தோ நீர்த்துறைகளுக்கு அனுப்பினார்கள். வசதியுள்ளவர்கள் சுரங்கத்திலிருந்தே தங்கள் வீட்டுக் கிணற்றுக்குப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பங்கை அளக்கத் தாதோ என்று ஓர் அளவு இருந்தது. குறிப்பிட்ட விட்டமுள்ள துளை வழியாக ஒரு நாளில் இறங்கும் நீர். இன்றைய கணக்கில் சுமார் 400 லிட்டர். யாருடைய பங்கு எங்கே பிரிகிறது என்று சுரங்கச் சுவரில் சிறு சலவைக்கல் பலகைகளில் பொறித்து வைத்திருக்கிறார்கள். மேலே வீதியில் ஒருவர் வீட்டு வாசல் எங்கே இருக்கிறதோ, ஏறக்குறைய அதற்கு நேர் கீழே அவர் பெயர். பூமிக்கடியில் ஒரு நகர வரைபடம்.

1555-இல் சியெனா ஃபிளாரன்ஸுக்கும் ஸ்பானியப் பேரரசுக்கும் பணிந்தது. நீண்ட முற்றுகையில் நகரம் பட்டினியால் விழுந்தது. குடியரசு போனது; சுரங்கங்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

கல் அப்படி நிற்கவில்லை. யாக்கோப்போ பயன்படுத்திய உள்ளூர்ச் சலவைக்கல் மழையையும் பனியையும் தாங்கவில்லை. சிற்பங்களின் மீது ஏறி நின்று பந்தயம் பார்த்த கூட்டமும் சேர்ந்துகொண்டது. காம்போவின் விளிம்பில் மண் கொட்டிப் பரப்பி, ஜூலை 2-ஆம் தேதியும் ஆகஸ்ட் 16-ஆம் தேதியும் பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கிறது. நகரத்தின் பதினேழு பேட்டைகளில் பத்துப் பேட்டைகளின் குதிரைகள் மூன்று சுற்று ஓடும். அந்த நாளில் நிற்க இடம் கிடைத்தால் போதும் என்றுதான் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பழைய பலகைகளை எடுத்துவிட்டு, தீத்தோ சாரோக்கி என்ற சிற்பியைக் கொண்டு நகல் செய்தார்கள். 1858-இல் தொடங்கிய வேலை முடியப் பத்தாண்டு. இன்று காம்போவில் நாம் பார்ப்பது சாரோக்கியின் கை. இரண்டு ரோம அன்னைகளுக்கும் அவர் நகல் செய்யவில்லை.

மூலச் சிற்பங்கள் பேராலயத்துக்கு எதிரே, சாந்தா மரியா தெல்லா ஸ்காலாவில் இருக்கின்றன. ஒரு காலத்தில் யாத்திரிகர்களுக்கு மருத்துவமனையாக இருந்த கட்டடம். அங்கே ஏதேன் காட்சியின் முன் நின்றால், ஆதாமின் முகம் எங்கே முடிகிறது, வெறும் கல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. உடல்களின் திருப்பம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. விரட்டும் தேவதூதரின் கை, அதற்கு எதிராக உடம்பைத் திருகும் ஆதாம். சாரோக்கியின் நகல் ஒவ்வொரு விரலையும் கூர்மையாகக் காட்டுகிறது. நான் இந்தத் தேய்ந்த கல்லின் பக்கம்தான் நிற்பேன். நகலில் பிழையில்லை, ஆனால் அந்தத் திருப்பத்தின் பலம் அதில் இறங்கவில்லை.

1914-இல் அமியாத்தா மலையிலிருந்து விவோ ஊற்று நீர் புதிய குழாய் வழியாக நகரத்துக்கு வந்தது. வீட்டுக்கு வீடு குழாய். போத்தீனியின் தண்ணீரைக் குடிக்க வேண்டிய தேவை போய்விட்டது. ஆனாலும் ஃபோன்தே காயாவில் இன்றும் விழுவது அதே சுரங்க நீர்தான். ஓநாய்களின் மூக்கில் புறாக்கள் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக் குடிக்கின்றன. நகரத்தின் ஒவ்வொரு பேட்டைக்கும் சொந்தமாக ஒரு சிறு நீரூற்று உண்டு. பேட்டையில் பிறந்த குழந்தையை அங்கே கொண்டுபோய்த் தலையில் தண்ணீர் விட்டு, நீ எங்களவன் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். தேவாலய ஞானஸ்நானம் தனி, இது தனி.

குடிநீர் இல்லை என்று ஆனபின்னும் சுரங்கத்தை விட்டுவிட முடியாது. இந்த நீரில் சுண்ணாம்பு அதிகம். கொரெல்லோவின் ஓரங்களில் அது வெள்ளைப் படலமாகப் படிந்து, ஆண்டுக்கு ஆண்டு தடித்து, வாய்க்காலையே அடைத்துவிடும். குடியரசுக் காலத்தில் இதைச் சுரண்டவும், விரிசல் பார்க்கவும், வண்டல் தொட்டிகளை வாரவும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். அடைபட்டால் ஃபோன்தே காயா வற்றிப்போவதோடு முடியாது. மலைக்குள் கசியும் நீர் நிற்கப்போவதில்லை. அது வேறு வழி தேடி வீடுகளின் அடித்தளத்து மணலுக்குள் போகும். இன்று அந்தக் கவனிப்பில் நகராட்சியோடு தியானா என்ற பெயரில் ஒரு தன்னார்வச் சங்கமும் நிற்கிறது. பெஸ்காயாவின் பழைய நீர்த்துறைக் கட்டடத்தில் தண்ணீருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லி வைத்தால் சங்கத்தார் சிறு குழுக்களைச் சுரங்கத்துக்குள் அழைத்துப்போகிறார்கள். சியெனாவுக்குப் போகிறவர்கள் கோபுரப் படிகளில் ஏறுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். ரப்பர் காலணியும் டார்ச் விளக்கும் தேவைப்படும். உயரமானவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும்.